சலாமியாவை ஏன் வெட்டினீர்கள்? – எங்கள் ஊர்த் திரைப்படக் கழகத்தின் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தேர்வுக் குழுவினருக்கு,

போன மாதம் இரண்டாவது ஞாயிறு மாலை நூலக மாடியில் ‘விக்ரம்’ திரையிட்டீர்கள். 1986இல் கமல்ஹாசன் நடித்து வந்த விக்ரம், பின்பாதியில் சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குப் போகும் உளவுப் படம். இடைவேளை முடிந்து விளக்கை அணைப்பதற்கு முன்னால் உங்களில் ஒருவர் எழுந்தார். “இதுக்கு மேல வர்ற சலாமியா பகுதி வெறும் கோமாளித்தனம். நேரமும் ஆயிடுச்சு. நேரா கடைசிக்குப் போயிடலாம்” என்றார். யாரிடமும் கேட்கவில்லை. மடிக்கணினியில் படத்துக்கு அடியில் ஓடும் அந்தக் கோட்டைப் பிடித்து வலது பக்கம் இழுத்தார். திரையில் மணல் தெரிந்தது. அம்ஜத் கான் முகம் ஒரு கணம் வந்து போனது. ஜனகராஜ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. டிம்பிள் கபாடியா பாதி திரும்பினார். அடுத்த நொடி கடைசிச் சண்டை ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு முன் வரிசையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். 2022இல் வந்த விக்ரமைப் பார்த்துவிட்டு, அதே பெயரில் முன்பே ஒரு படம் இருக்கிறதாமே என்று தேடி வந்தவர்கள். கடைசிக் காட்சியில் யார் எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்று புரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படம் முடிவதற்குள் எழுந்து போய்விட்டார்கள். அன்று உங்களிடம் பேச வந்தேன். கலந்துரையாடல் தொடங்கிவிட்டது, உட்காருங்கள் என்றீர்கள். சரி என்று உட்கார்ந்தேன்.

அப்புறம் இந்த மாதச் சுற்றறிக்கை வந்தது. ‘கேளிக்கை நோக்கம் மட்டுமே கொண்ட படங்கள் இனித் திரையிடப்பட மாட்டாது’ என்று ஒரு வரி. விக்ரமை எடுத்துக்காட்டாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒன்பது வருடமாகச் சந்தா கட்டுகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். அதைவிட முக்கியமாக, ஒரு தியேட்டர் ஆபரேட்டரின் மகன் என்ற உரிமையில்.

விக்ரம் 1986 மே 29 அன்று வெளியானது. எங்கள் ஊருக்குப் படப்பெட்டி வர நாலைந்து மாதம் ஆயிற்று. எனக்கு அப்போது பதிமூன்று வயது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஆபரேட்டர் கேபினுக்குப் போய்விடுவேன். கேபின் உள்ளே எப்போதும் வெக்கை. கார்பன் குச்சி எரியும் வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். ஓடி முடிந்த ரீலைத் திருப்பிச் சுற்றுவது என் வேலை. இடது கை விரல் நடுவில் ஃபிலிமின் ஓரத்தை லேசாகப் பிடித்துக்கொண்டு வலது கையால் சுற்ற வேண்டும். ஒட்டுப் போட்ட இடம் வந்தால் விரல் நுனியில் சின்னதாக ஒரு தட்டுத் தட்டும். அப்படித் தட்டினால் அப்பாவிடம் சொல்ல வேண்டும். அவர் வந்து ஒட்டு விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒரு ரீல் பத்துப் பதினோரு நிமிடம் ஓடும். எந்த ரீலில் எந்தப் பாட்டு என்று எனக்கு மனப்பாடம்.

விக்ரம் ஓடிய இரண்டாம் நாள் தியேட்டர் முதலாளி மேலே வந்தார். இரவு ஆட்டம் முடிய ஒரு மணிக்கு மேல் ஆகிறது, சுற்று வட்டாரக் கூட்டம் வர யோசிக்கிறது, சலாமியா ரீல்களில் இரண்டைத் தூக்கிவிடு என்றார். நீங்கள் சொன்ன அதே காரணம்தான். நேரம். அப்பா மறுத்துப் பேசவில்லை, பேசக்கூடிய இடத்திலும் அவர் இல்லை. இரண்டு ரீலை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டார். மறுநாள் இரவு ஆட்டம் முடிந்ததும் ஒரு தையல்காரரும் அவரோடு வந்த நாலைந்து பேரும் டிக்கெட் கவுண்டர் பக்கம் போய் நின்றார்கள். விக்ரம் கதையை எழுத்தாளர் சுஜாதா குமுதத்தில் தொடராக எழுதியபோது வாராவாரம் படித்தவர் அந்தத் தையல்காரர். “படிச்சதெல்லாம் எங்கய்யா? பாதி நாட்டைக் காணோம்” என்று கேட்டார். சத்தம் போடவில்லை, ஆனால் பதில் வரும்வரை நகரவும் இல்லை. அதற்கு அடுத்த நாள் இரண்டு ரீலும் திரும்ப ஓடின. அப்பா இதைப் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். தொழிலில் தனக்கு வெட்கமாக இருந்தது அந்த ஒரு நாள்தான் என்பார்.

அந்தத் தையல்காரர் எதைத் தேடினார் என்பதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

படத்தின் முதல் பாதியை நீங்கள் பாராட்டினீர்கள். அக்னிபுத்ரன் என்ற ஏவுகணை களவு போகிறது. உளவாளி விக்ரமின் மனைவி கொல்லப்படுகிறாள். அம்பிகா வரும் காட்சிகளும் ‘வனிதாமணி’ பாட்டும் அந்த இழப்புக்கு நம்மைத் தயார்ப்படுத்துகின்றன. சத்யராஜின் சுகிர்தராஜா பயமுறுத்துகிறார். கலந்துரையாடலில் இதையெல்லாம் நன்றாகவே சொன்னீர்கள். ஆனால் இதே படம்தான் பின்பாதியில் வரைபடத்தில் இல்லாத ஒரு நாட்டுக்குப் போகிறது. அதற்கென்று ஒரு சுல்தான், ஓர் இளவரசி, யாருக்கும் தெரியாத ஒரு மொழி, அந்த மொழியைத் தமிழில் சொல்ல ஒரு ஜனகராஜ். ஷோலேயின் கப்பர் சிங்காக நாடு முழுக்கத் தெரிந்த அம்ஜத் கான், தமிழும் இல்லாத இந்தியும் இல்லாத ஒரு மொழியைப் பேசிக்கொண்டு அரியணையில் உட்கார்ந்திருக்கிறார். மனைவியைப் பறிகொடுத்த ஓர் ஆள் அந்தச் சபையில் நிற்கிறான். சிரிப்பும் சோகமும் ஒட்டவில்லை என்று உங்களில் ஒருவர் சொன்னார். நான் அதை ஒட்டாமை என்று பார்க்கவில்லை. அப்படி ஒரு தாவலைச் செய்து பார்க்க அன்றைய வணிகப் படத்தில் யாருக்கும் துணிச்சல் வந்திருக்காது. அதைச் செய்தவர்கள் தெரியாமல் செய்யவில்லை.

சுஜாதா யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்றை நினைவூட்டுகிறேன். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர் அவர். மின்னணு வாக்கு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. தனக்குத் தெரிந்த உலகத்திலிருந்துதான் ஏவுகணையையும் கணினியையும் எடுத்து இந்தக் கதைக்குள் வைத்தார். எங்கள் ஊரில் அன்றைக்குக் கணினியைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர்கூடக் கிடையாது. லிஸி நடித்த பாத்திரம் கணினி தெரிந்த பெண். ஓர் உளவாளி அப்படி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவதையும், அவளுடைய அறிவில்லாமல் அவனுக்கு வேலை நடக்காது என்பதையும் நாங்கள் முதன்முதலாக இந்தப் படத்தில்தான் பார்த்தோம். இந்தியா தன் முதல் அக்னி ஏவுகணையைச் சோதித்தது 1989 மே 22இல், படம் வந்து ஏறக்குறைய சரியாக மூன்று வருடம் கழித்து. அந்தச் செய்தி வானொலியில் வந்தபோது அப்பா, “டேய், நம்ம அக்னிபுத்ரன்டா” என்றார்.

அந்தக் காலத்துப் பையன்கள் இந்தப் படத்துக்குள் எப்படி வந்தோம் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் கலந்துரையாடலில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசப்படவில்லை. 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. என் அண்ணன்மார்கள் அதைப் படித்து வளர்ந்தவர்கள். 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது, முதல் இதழ் மாடஸ்டி பிளைசி. அதே வருடம் ராணி காமிக்ஸ் வந்தது, முதல் இதழ் ஜேம்ஸ்பாண்ட். ஒரே வருடத்தில் இரண்டு பத்திரிகைகள் தமிழ்ப் பிள்ளைகளிடம் உளவாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தன. பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கும் அந்தப் புத்தகங்களைக் காசு சேர்த்து வாங்கி, வகுப்பில் பாடப் புத்தகத்துக்குள் வைத்துப் படிப்போம். இரண்டு வருடம் கழித்து அதே மாதிரி ஓர் ஆள், தமிழ் பேசிக்கொண்டு, எங்கள் ஊர்த் திரையில் வந்தான். அந்த மகிழ்ச்சியை உங்கள் சுற்றறிக்கை ‘கேளிக்கை நோக்கம்’ என்கிறது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் இந்த உளவுப் பட வழி எங்கள் சேலம் மாவட்டத்துச் சொத்து. ஏற்காடு அடிவாரத்துக்குப் போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் இன்றைக்கும் நிற்கிறது, உள்ளே ஸ்டூடியோ இல்லை. டி.ஆர். சுந்தரம் உருவாக்கிய அந்த நிறுவனத்தில்தான் ‘மந்திரி குமாரி’ எடுத்தார்கள், ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ எடுத்தார்கள். அவர் காலத்துக்குப் பிறகு, அறுபதுகளின் நடுவில், அதே நிறுவனம் ஜெய்சங்கரைக் கோட்டும் துப்பாக்கியுமாக நிறுத்தியது. 1966இல் ‘வல்லவன் ஒருவன்’, 1970இல் ‘சி.ஐ.டி. சங்கர்’. தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று அவரை மக்கள் கூப்பிட்டார்கள். ‘பளிங்கினால் ஒரு மாளிகை’ என்று எல்.ஆர். ஈஸ்வரி பாடும் குரலையும் வேதாவின் இசையையும் கேட்டால் இன்றைக்கும் என் அம்மா செய்கிற வேலையை நிறுத்திவிடுவார். 1968இல் எம்.ஜி.ஆரே ‘ரகசிய போலீஸ் 115’ ஆக வந்தார். இவற்றில் எதிலுமே சிரிப்பையும் துப்பாக்கியையும் தனித்தனி அறையில் பூட்டி வைக்கவில்லை. வில்லனின் குகை இருக்கும், நடனம் இருக்கும், நகைச்சுவை நடிகர் மாறுவேடத்தில் வருவார். அதைப் பார்த்து வளர்ந்த கூட்டத்துக்காக எழுதப்பட்டதுதான் சலாமியா. இருபது வருடமாக வந்த ஒரு வழி, இளையராஜாவின் மின்னணு ஓசையோடும் கமலே பாடிய ‘விக்ரம் விக்ரம்’ பாட்டோடும் எண்பதுகளுக்குள் நுழைந்த இடம் அது. அந்த இடத்தைத்தான் நீங்கள் விரலால் இழுத்துத் தள்ளினீர்கள்.

எனக்கு இந்தப் படம் இன்னும் ஆழமாகத் தோன்றுவது வேறொரு காரணத்தால். ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு நாடு, அங்கே ஒரு ராஜகுமாரி, அங்கிருந்து ஒரு பொருளை மீட்டு வர வேண்டும். என் பாட்டி இதைத்தான் திண்ணையில் படுத்துக்கொண்டு சொன்னார். விக்ரமாதித்தன் கதை என்றுதான் அதற்குப் பெயர். நாயகனுக்கு விக்ரம் என்று பெயர் வைத்தவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? கிளி உயிருக்குப் பதிலாக ஏவுகணை, மந்திரவாதிக்குப் பதிலாகச் சுகிர்தராஜா. புது யுகத்துக் கணினியும் பாட்டி காலத்து ராஜ்ஜியமும் ஒரே ரீலில் வருகிற படத்தைக் கோமாளித்தனம் என்று ஒதுக்குவதற்கு முன்னால் ஒரு முறை முழுதாகப் பார்த்திருக்கலாம்.

மொழி விஷயத்தையும் விட முடியவில்லை. 2015இல் பாகுபலி வந்தபோது, காலகேயர்களுக்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி மொழியை எல்லோரும் வியந்தார்கள். நம் கழகத்திலும் அதைப் பற்றி ஒரு மாலை பேசினோம், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவருடைய அப்பா வைரமுத்து பாட்டெழுதிய விக்ரமில், இருபத்தொன்பது வருடம் முன்பே, ஒரு கற்பனை நாட்டுக்குக் கற்பனை மொழி பேச வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே தரம் என்று நான் சொல்லவில்லை. முந்தையது என்ன செய்தது என்று பார்க்காமல் பிந்தையதைப் பற்றி எப்படிப் பேசுவது?

குறைகள் இருக்கின்றன. இன்றைக்குப் பார்த்தால் சலாமியா மக்களைக் காட்டியிருக்கும் விதம் எனக்கும் உறுத்துகிறது. அயல் தேசத்தார் என்றாலே விசித்திரமாகத்தான் இருப்பார்கள் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. பெண்களுக்குக் கொடுத்த உடையும் பல இடத்தில் கதைக்காக இல்லை, பார்வைக்காக. சில சண்டைக் காட்சிகள் நீளம். இதையெல்லாம் அந்தக் கல்லூரிப் பெண்கள் எழுந்து கேட்டிருந்தால் எவ்வளவு நல்ல கலந்துரையாடலாக இருந்திருக்கும்! பார்க்காத பகுதியைப் பற்றி அவர்கள் எதைக் கேட்பார்கள்?

சென்ற ஆண்டு மூன்று மணி நேரம் ஓடும் ஓர் ஐரோப்பியப் படத்தை ஒரு நொடிகூடக் குறைக்காமல் காட்டினீர்கள். மின்சாரம் போய் வந்த பிறகும், விட்ட இடத்திலிருந்து இரண்டு நிமிடம் பின்னால் போய்த் தொடங்கினீர்கள். நானும் கடைசி வரை இருந்தேன், எனக்கு அந்தப் படம் மிகவும் பிடித்தது. அன்று உங்கள் மேல் எனக்கு வந்த மரியாதை பெரியது. அந்தப் பொறுமையில் பாதியையாவது நம் ஊர் மக்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்த படத்துக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தியேட்டரில் அன்று நேரத்துக்காக வெட்டிய முதலாளிக்கு அது வியாபாரம். உங்களுக்கு வியாபாரம் இல்லை. உங்களிடம் சந்தாப் பணம் இருக்கிறது, நூலக மாடி இருக்கிறது, மாதம் ஒரு மாலை இருக்கிறது. தொலைக்காட்சியில் இந்தப் படம் வரும்போது விளம்பரத்துக்கு இடம் வேண்டும் என்று பாட்டைத் தூக்குகிறார்கள், காட்சியைத் தூக்குகிறார்கள். ஒரு படத்தை எடுத்தவர்கள் எடுத்தபடியே பார்க்க எங்களுக்கு இருக்கும் ஒரே இடம் நீங்கள்தான். அங்கேயும் வெட்டினால் நாங்கள் எங்கே போவது?

அப்பா மூன்று வருடம் முன்னால் காலமானார். கடைசி ஒரு வருடம் நடமாட்டம் குறைந்துவிட்டது. ஒருநாள் என் கைபேசியில் ‘என் ஜோடி மஞ்சக் குருவி’ போட்டுக் காட்டினேன். பாட்டைப் பார்க்கவில்லை, மேல் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னப்பா என்று கேட்டேன். “மாத்தறதுக்கு மார்க் வரும்” என்றார். ரீல் முடியப் போகிறது, அடுத்த புரொஜெக்டரை ஓட்டு என்று ஆபரேட்டருக்குக் காட்டுவதற்காகத் திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு வந்து போகும். கைபேசியில் அது எங்கே வரப்போகிறது? ஆனாலும் பாட்டு முடியும் வரை அந்த மூலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நான் கேட்பவை இவைதான். விக்ரம் படத்தை முதலிலிருந்து கடைசி வரை, எதையும் தாண்டாமல், இன்னொரு முறை திரையிடுங்கள். மாதக் கணக்கில் தள்ளாமல் பொங்கலுக்குள் செய்யுங்கள். அன்று வந்திருந்தவர்கள் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள், அந்த இரண்டு பெண்களுக்கும். நேரம் ஒரு பிரச்சினை என்றால் ஆறு மணிக்குப் பதில் ஐந்து மணிக்குத் தொடங்குங்கள். நாற்காலி போட, திரை கட்ட நான் மூன்று மணிக்கே வந்துவிடுகிறேன்.

‘கேளிக்கை நோக்கம் மட்டுமே கொண்ட படங்கள்’ என்ற வரியைச் சுற்றறிக்கையிலிருந்து திரும்பப் பெறுங்கள். அடுத்த பொதுக்குழுவில் இதை உறுப்பினர்கள் முன் வைத்து விவாதிக்க இடம் கொடுங்கள். எந்தப் படத்தையும் வெட்டிக் காட்டுவதாக இருந்தால் அதை அழைப்பிதழிலேயே முன்கூட்டிச் சொல்லுங்கள். வருவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

வருகிற ஆண்டில் ஒரு மாதத்தையாவது தமிழ் உளவுப் படங்களுக்கு ஒதுக்குங்கள். ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’, ‘ரகசிய போலீஸ் 115’ மூன்றையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, நான்காவதாக விக்ரமைப் பார்க்கலாம். அதோடு, நம் வட்டாரத்தில் இன்னும் உயிரோடு இருக்கும் பழைய ஆபரேட்டர்களைக் கூப்பிட்டுப் பேச வையுங்கள். எனக்குத் தெரிந்து நான்கு பேர் இருக்கிறார்கள், அதில் இருவருக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. அவர்களை நானே வண்டி வைத்துக் கூட்டி வருகிறேன். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இந்த மாதம் முடிவதற்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கழக உறுப்பினன், ஓர் ஆபரேட்டரின் மகன்